இலையுதிர் காலமும் வேலையிடமும்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

குடோன்வாசி

பின்வாசல் படி. குடோனில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். முன்வாசல் சுற்று, பின்வாசல் குறுக்கு. ஷிப்ட் முடிந்ததும் எல்லோரும் பின்னால்தான் போவோம். அங்கே ஒரு பெரிய மரம். விடாத தூறல் வேறு. எது படி, எது தரை என்று தெரியாத அளவுக்கு இலை.

எனக்கு முன்னால் போன அக்கா, பேக்கிங் பிரிவில் மூத்தவர், கடைசிப் படியில் வழுக்கிவிட்டார். கைப்பிடி இடது பக்கம் மட்டும்தான் உண்டு. அவர் வலது கையை நீட்டி, அங்கே இல்லாத கைப்பிடியைத் தேடினார். அந்தக் கை வெறும் காற்றைப் பிடித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. விழுந்தவர் கத்தவில்லை. "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, நீ போ, பஸ் போய்விடும்" என்றார். மணிக்கட்டு அப்போதே கோணிப்போயிருந்தது.

அவர் விழுந்ததைவிட என்னை அதிகம் அரிப்பது வேறு. முந்தின நாள் காலை ஷிப்டில் ஒருவர் அதே படியில் சறுக்கி, விழாமல் தப்பியிருக்கிறார். காலை ஷிப்ட் முழுக்கத் தெரியும். மாலை ஷிப்டில் ஒருவருக்கும் தெரியாது. அந்த வாரம்தான் எங்கள் மாதச் செய்திமடல் வந்தது. பிறந்தநாள் வாழ்த்து, புதிதாகச் சேர்ந்தவர்கள், ஓய்வு பெற்றவருக்கு நடந்த பிரிவு விழா, கடைசிப் பக்கத்தில் "இலையுதிர் காலத்தில் கவனமாக இருங்கள்" என்று ஓர் இலைப் படம். எதில் கவனம்? எங்கே கவனம்? "பின்வாசல், கடைசிப் படி வழுக்குகிறது, கைப்பிடி ஒரு பக்கம்தான்" என்று ஒரு வரி போட்டிருந்தால் அந்தக் கை தப்பியிருக்கும்.

உங்கள் இடத்தில் என்ன நடந்தது, எழுதுங்கள்.

ரயில் பணியாளர்

இலையைப் பற்றி எங்களிடம் கேளுங்கள். தண்டவாளத்தில் விழும் ஈர இலையை ஒவ்வொரு ரயிலும் நசுக்கிக்கொண்டே போகும். கடைசியில் அது கறுப்பாக, கெட்டியாக, வழவழவென்று ஒரு படலமாகத் தண்டவாளத்தோடு ஒட்டிக்கொள்ளும். கையால் சுரண்டினால் வராது. மிகுந்த அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துத்தான் எடுக்க வேண்டும்.

ஒரு விடியற்காலை நடைமேடையின் கோடியில் நின்றுகொண்டிருந்தேன். வந்த ரயில் நிற்க வேண்டிய குறியைத் தாண்டிப் போனது. பிரேக் பிடித்தாயிற்று, சக்கரம் நின்றுவிட்டது, ரயில் நிற்கவில்லை. பெரிய சத்தம்கூட இல்லை. நகர்ந்துகொண்டே போன அந்த ஓட்டுநரின் முகத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்துவிட்டார், இனி அவர் கையில் எதுவும் இல்லை. அந்த முகம்தான் எனக்கு மறக்கவில்லை.

ஆனால் அடுத்து நடந்ததைச் சொல்ல வேண்டும். ரயில் நின்ற உடனே அவர் சிக்னல் அறைக்குத் தகவல் சொன்னார். பின்னால் வரும் ஓட்டுநர்களுக்கு அங்கிருந்து எச்சரிக்கை போனது. அடுத்த ரயில் வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, சரியான இடத்தில் வந்து நின்றது. சறுக்கியவர் சொன்னால்தான் அடுத்தவருக்குத் தெரியும் என்பது இந்தத் தொழிலில் வழக்கமாகவே இருக்கிறது. உங்கள் குடோனில் காலை ஷிப்டுக்காரர் சறுக்கியதும் சொல்வதற்கு ஓர் ஆள் இருந்தாரா? அதுதான் என் கேள்வி. மாதம் ஒரு முறை வரும் செய்திமடல் இதற்கு ரொம்பத் தாமதம்.

இரவு ஷிப்ட்

கோடைக்கால நேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதற்கு அடுத்த திங்கட்கிழமை. முந்தின வாரம் வெளிச்சத்தில் செய்த அதே வேலை, அதே மணிக்கு, இப்போது இருட்டில். லாரியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் யாருமில்லை. அப்போது தரையோடு தரையாக இரண்டு வெள்ளைக் கோடுகள் மாறி மாறி அசைந்தன. அது என்னவென்று புரிவதற்குள் கால் பிரேக்கில் இருந்தது. எங்கள் யார்டு பையன். ஆரஞ்சு நிற ஜாக்கெட் போட்டிருந்தான், ஆனால் முதுகுப்பை அதன் பளபளப்புப் பட்டைகளை மறைத்துவிட்டது. நான் பார்த்தது அவன் பேன்ட்டின் கணுக்கால் பட்டையை மட்டும்தான்.

இது நிறையப் பேருக்குத் தெரியவில்லை, அதனால் சொல்கிறேன். அந்தப் பளீர் ஆரஞ்சும் மஞ்சளும் பகலுக்கானவை. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பிக் கொடுப்பதால்தான் அப்படிப் பளிச்சிடுகின்றன. மேகமூட்டத்திலும் அந்தி நேரத்திலும் அது நன்றாக உதவும். இருட்டிய பிறகு அந்த நிறத்தால் பெரிய பயன் இல்லை. ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் வெள்ளிப் பட்டைதான் இரவில் ஆளைக் காட்டும். அதுவும் அழுக்கேறினால், துவைத்துத் துவைத்துத் தேய்ந்தால், போச்சு. கையிலும் காலிலும் பட்டை இருந்தால் இன்னும் நல்லது, அசைவதைப் பார்த்ததும் மனிதர் என்று மூளைக்குப் புரிந்துவிடும்.

ஜாக்கெட் போட்டிருக்கிறேன், ஓட்டுநருக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டு லாரிக்குப் பின்னால் நடக்காதீர்கள். தெரியாது.

பாதுகாப்புக் குழு

எங்கள் அலுவலகத்தில் மேசைக்கு அடியில் வைத்திருந்த சிறிய ஹீட்டர் ஒரு துணிப்பையைக் கருக்கிவிட்டது. வாசனை வந்ததும் அணைத்துவிட்டோம். பையின் கைப்பிடி மட்டும் மிச்சம்.

இதை வைத்து எல்லோரும் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஹீட்டரைச் சுற்றி 1 மீட்டருக்காவது காகிதம், துணி, அட்டைப்பெட்டி எதுவும் இருக்கக் கூடாது. அதை நேரடியாகச் சுவர் பிளக்கில்தான் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் ஒயர் சூடாகி உருகலாம். அறையை விட்டுப் போகும்போது அணைக்க வேண்டும், ஐந்து நிமிடம்தானே என்று விடக் கூடாது. வாசலில் தண்ணீர் உறிஞ்சும் மிதியடி போடுங்கள், அது ஈரத்தில் ஊறிப்போனால் மாற்றுங்கள், ஊறிய மிதியடியால் பயனில்லை. ஏணி வைத்துக் கூரை வடிகாலில் இலை எடுப்பவர்கள் 4 அடி உயரத்துக்கு 1 அடி என்ற கணக்கில் ஏணியின் அடியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். ஈர மண்ணில் ஏணி வைக்கவே கூடாது. காரின் டயரில் காற்றைப் பாருங்கள், குளிர்ந்தால் அழுத்தம் குறையும். காலையிலும் மாலையிலும் வெயில் தாழ்வாக வந்து கண்ணில் அடிக்கும், கண்ணாடியை உள்பக்கமும் துடைத்து வையுங்கள். கதவையும் ஷட்டரையும் நன்றாக மூடி வைத்தால் குளிர் உள்ளே வராது, ஹீட்டரே தேவைப்படாது. இதையெல்லாம் ஒரு பக்கத்தில் அச்சடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது.

ஃபோர்க்லிஃப்ட்

மேலே எழுதியவரிடம் ஒரு வார்த்தை. "ஷட்டரை நன்றாக மூடி வையுங்கள்" என்று பொதுவாக எழுதாதீர்கள். அதைச் செய்துதான் எங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

முதல் குளிர் வந்த வாரம். எரிவாயுவில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட், கோடை முழுக்கத் திறந்த ஷட்டரோடு ஓடியது. குளிருகிறது என்று ஷட்டரை இறக்கினார்கள். வண்டி அதேபோல ஓடிக்கொண்டிருந்தது. இடைவேளையில் மேசைக்கு வந்து பார்க்கிறேன், மூன்று பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, மூவருமே வலது கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் ஒரே மாதிரித் தலைவலி எப்படி வரும்? அந்தக் கேள்வி வந்ததும் ஷட்டரைத் தூக்கச் சொல்லிக் கத்தினேன். வெளியே போய் நின்றதும் இருவருக்குக் கொஞ்சம் தெளிந்தது. ஒருவருக்கு வாந்தி.

கார்பன் மோனாக்சைடு, எஞ்சின் புகையில் வரும் விஷ வாயு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட இதை 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பருவத்தில் இதில் என்ன கொடுமை என்றால், தலைவலி, மயக்கம், குமட்டல் என்றால் எல்லோரும் ஃப்ளூ என்றே நினைப்பார்கள். காய்ச்சல் இல்லாமல் தலைவலி, வெளியே போனால் குறைகிறது, உள்ளே வந்தால் திரும்புகிறது, பக்கத்தில் இருப்பவருக்கும் அதே என்றால் உடனே எல்லோரும் வெளியேற வேண்டும், உதவிக்கு அழைக்க வேண்டும். ஆக்சிஜன் கொடுப்பது மருத்துவர்கள் வேலை, வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்குவது மருந்து இல்லை.

முந்தின ஷிப்டிலும் இருவருக்குத் தலைவலி இருந்ததாம். "ஜலதோஷம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். குடோன்வாசி சொன்ன அதே கதை.

பாதுகாப்புக் குழு

நான் சொன்னது அலுவலக அறையை. எஞ்சின் ஓடும் இடத்துக்கு அது பொருந்தாது, அங்கே காற்றோட்டமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம் வேண்டும். பட்டியலில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வார்டு செவிலி

நீங்கள் எல்லாம் படி, லாரி, வாயு என்று எழுதுகிறீர்கள். எங்கள் இடத்தில் ஆபத்து நடந்து வரும்.

ஆள் பற்றாக்குறை என்று உடல்நலமில்லாமல் வேலைக்கு வந்த ஒரு தங்கை. இருமல் வந்தபோது முகமூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நோயாளியின் பக்கம் திரும்பாமல் திரைச்சீலைக்குள் முகத்தைப் புதைத்து இருமினாள். தோள் குலுங்கியது. அந்தப் பக்கத்துப் படுக்கையில் இருந்த முதியவர் "பாவம், அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்புங்கள்" என்று என்னிடம் சொன்னார். நோயாளி சொல்ல வேண்டியதா அது? அடுத்த சில நாளில் அந்த வார்டில் இருமல் பரவியது. அவளிடமிருந்துதான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, ஆனால் அவள் அதைத் தன்மேலேயே போட்டுக்கொண்டு அழுதாள். அவளை வரச் சொன்னவர்கள் அழவில்லை.

ஃப்ளூ வந்தவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரப்ப ஆரம்பித்துவிடுவார். தடுப்பூசி போட்டாலும் உடம்பில் எதிர்ப்புச் சக்தி வர ஏறக்குறைய 2 வாரம் ஆகும். அதனால் வார்டு நிரம்பிய பிறகு முகாம் நடத்துவதில் பாதிப் பயன்தான். செய்திமடலில் "ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர்" என்று படம் போட்டுப் பாராட்டுவதை இந்த மாதங்களிலாவது நிறுத்துங்கள். அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் காய்ச்சலோடு வருகிறார்கள்.

வேன் ஓட்டுநர்

மான். இந்தப் பருவம் அதன் இணைசேரும் காலம், விடியலிலும் அந்தியிலும் எதையும் பார்க்காமல் சாலையில் ஓடும். ஒன்று குறுக்கே போனது, நிறுத்தினேன். பக்கத்தில் இருந்த புது ஆள் "போயிடுச்சு அண்ணா, எடுங்க" என்றார். எடுக்கவில்லை. மூச்சு விடும் நேரம்தான், இரண்டாவது மான் பம்பரை உரசிக்கொண்டு போனது. அதன் கண் என் கண்ணுக்கு நேராக இருந்தது. புது ஆள் அதற்கப்புறம் டெலிவரி முடியும்வரை பேசவில்லை. ஒரு மான் தெரிந்தால் இன்னொன்று வருகிறது என்று வையுங்கள். இடிக்கப்போகிறது என்றால் பிரேக்கை அழுத்துங்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். மரத்திலோ எதிர் வண்டியிலோ மோதுவது அதைவிட மோசம்.

குடோன்வாசியோடு ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. செய்திமடலில் ஒரு வரி போட்டிருந்தாலும் ஓட்டுநர்கள் படித்திருக்க மாட்டார்கள். எங்கள் இடத்தில் வேன் சாவி தொங்கும் கொக்கியில் ஒரு சீட்டு மாட்டுகிறோம். "பாலத்தின் மேல் பனி", "வளைவில் இலைக் குவியல்", அவ்வளவுதான் இருக்கும். பாலத்துக்கு மேலும் கீழும் காற்று போவதால் மற்றச் சாலைக்கு முன்பே அது உறைந்துவிடும், அதனால் அந்தச் சீட்டுதான் அடிக்கடி தொங்கும். சாவியை எடுக்காமல் வண்டி எடுக்க முடியாது, சீட்டைத் தொடாமல் சாவியை எடுக்க முடியாது.

வளாகப் பராமரிப்பு

எல்லாவற்றையும் படித்தேன். இலையைக் கூட்டுகிற ஆள் நான்.

இயந்திரம் வைத்து ஊதித் தள்ளினால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஈர இலை ஊதினால் போகாது, தரையோடு ஒட்டியிருக்கும். விளக்குமாறும் மண்வாரியும்தான். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் அடி அடுக்கில் தண்ணீர் நிற்கும், கால் வைத்ததும் மேலடுக்கு அதன்மேல் சறுக்கும். போன பருவத்தில் ஒரு குவியலை அள்ளும்போது அடியில் மூடி இல்லாத வடிகால் குழி. மண்வாரி நேராக உள்ளே போனது, கைப்பிடி வரை. அதே இடத்தில் காலையில் ஒருவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே நடந்து போனதை நான் பார்த்திருந்தேன். அவருடைய கால் ஒரு சாண் தள்ளி விழுந்திருக்கிறது. இன்றைக்கும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் அவருடைய காலைத்தான் முதலில் பார்க்கிறேன்.

குடோன்வாசிக்கு: உங்கள் இடத்தில் கூட்டுகிறவர் எத்தனை மணிக்கு வேலைக்கு வருகிறார் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் இடத்தில் முதல் ஷிப்ட் 6 மணிக்கு உள்ளே வரும், எனக்கு வேலை 8 மணிக்குத்தான். இருட்டும் ஈரமும் உள்ள அந்த இரண்டு மணி நேரத்தில் எல்லோரும் இலைமேல்தான் நடக்கிறார்கள். என் நேரத்தை 5 மணிக்கு மாற்றுங்கள், வாசல்களை முதலில் செய்கிறேன், புல்வெளியைப் பிறகு பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறேன். நிர்வாகத்தின் மேசையிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. உங்கள் இடத்தில் யாராவது இதைக் கேட்டு வாங்கியிருந்தால், யாரிடம், எப்படி எழுதிக் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.