சூரியனை படம் எடுக்க எந்த கேமரா? 80 எம்எம் ஸ்கோப் கையில இருக்கு

கோவைவானம்:
வணக்கம் நண்பர்களே, 80 எம்எம் ரிஃப்ராக்டர் (லென்ஸ் டெலஸ்கோப்) வச்சிருக்கேன், ஃபோகல் லெங்த் 400, முன்னாடி பாடர் ஷீட் (வெயிலைக் குறைக்கிற சோலார் ஃபில்டர்) மாட்டி கண்ணால சன்ஸ்பாட் பாத்துட்டு இருந்தேன், இப்ப படம் எடுக்கணும்னு ஆசை. ஏஎஸ்ஐ 178 கேமரால கலர் வாங்கவா மோனோ (கறுப்பு வெள்ளை) வாங்கவா? சிலர் ஏஎஸ்ஐ 174 தான் பெஸ்ட்ங்கிறாங்க. அப்புறம் ஹெச்-ஆல்ஃபாவுக்கும் (ஹைட்ரஜனோட சிவப்பு ஒளியை மட்டும் விடுற ஃபில்டர்ல எடுக்கறது) போற எண்ணம் இருக்கு, அதையும் மனசுல வச்சு சொல்லுங்க.

வைகைக்கரை:
யோசிக்கவே வேணாம், மோனோ. ஹெச்-ஆல்ஃபா 656.28 நானோமீட்டர், சுத்த சிவப்பு, கலர் சென்சார்ல நாலு பிக்சல்ல ஒண்ணு தான் அதை ஒழுங்கா பிடிக்கும். ஆரஞ்சா தகதகன்னு பாக்குற படமெல்லாம் பின்னாடி ப்ராசஸிங்ல கலர் குடுத்தது தான். உங்க ஃபோகல் லெங்த் 400ஐ 109ஆல வகுத்தா சூரிய பிம்பம் 3.7 எம்எம் வரும், 178 சென்சார் 7.4க்கு 5, முழு வட்டும் தாராளமா உக்காரும்.

மலைக்கோட்டை:
மோனோ சரி, ஆனா 174ஐ ஒரேயடியா தள்ளிடாதீங்க, முதல்ல எந்த ஃபில்டர்னு முடிவு பண்ணுங்க அப்புறம் கேமரா. ஹெச்-ஆல்ஃபால பிக்சல் சைஸை மூணால பெருக்கினா வேண்டிய எஃப் ரேஷியோ (ஃபோகல் லெங்த்தை லென்ஸ் விட்டத்தால வகுத்தது) வந்துடும், 178க்கு (2.4 மைக்ரான்) எஃப்/7, 174க்கு (5.86) எஃப்/18 பக்கம். டேஸ்டார் குவார்க் ஹெச்-ஆல்ஃபா ஃபில்டர்னா உள்ளயே 4.3 மடங்கு பார்லோ (பிம்பத்தை பெருசாக்குற லென்ஸ்) இருக்கு, உங்க எஃப்/5 ஸ்கோப் எஃப்/21 தாண்டிடும், அங்க 174 தான் பொருந்தும். ஆனா 174ல நியூட்டன் ரிங்ஸ்னு படத்துல கோடுகள் வரி வரியா விழும், கேமராவை லேசா சாய்க்கிற டில்ட் அடாப்டர் சேத்தே வாங்கிடுங்க. லண்ட் மாதிரி தனி சோலார் ஸ்கோப்னா 178 போதும்.

கோவைவானம்:
ரொம்ப நன்றிங்க, இப்போதைக்கு லண்ட் தான் எண்ணம், அப்ப 178 மோனோ. அது வர்ற வரைக்கும் ஷீட்லயே எடுக்கலாம்ல?

வைகைக்கரை:
தாராளமா எடுங்க, கூட ஒரு பச்சை ஃபில்டர் போடுங்க, எஃப்/5 அக்ரோமேட்ல (சாதாரண ரெட்டை லென்ஸ் ஸ்கோப்) நிறப்பிசிறு இருக்கும், பச்சை ஒளியை மட்டும் உள்ள விட்டா க்ரானுலேஷன் (சூரியன் மேல தெரியுற குருணை குருணையான அமைப்பு) நல்லா ஷார்ப்பா வரும். இன்னொண்ணு, ஷீட்ல ஓடி (ஆப்டிகல் டென்சிட்டி, ஒளியை எவ்ளோ தடுக்குதுங்கிற அளவு) 3.8 வாங்கினா அது கேமராவுக்கு மட்டும், கண்ணை வைக்கவே கூடாது, கண்ணுக்கு ஓடி 5 தான். மாட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் டார்ச் வெளிச்சத்துல பிடிச்சு பாருங்க, ஊசிமுனை ஓட்டை தெரிஞ்சா தூக்கி போட்டுடுங்க. ஃபைண்டர் ஸ்கோப்பையும் கழட்டிடுங்க.

நிலாமுற்றம்:
மொட்டை மாடின்னா தளம் சூடாகுறதுக்குள்ள காலைலயே முடிச்சிடுங்க, சூடேறிட்டா விளிம்பெல்லாம் கொதிக்கிற மாதிரி ஆடும், எவ்ளோ நல்ல கேமராவும் அதுல ஒண்ணும் பண்ண முடியாது. ஷார்ப்கேப் சாஃப்ட்வேர்ல எஸ்இஆர் ஃபார்மட் வீடியோவா எடுத்து ஆட்டோஸ்டாக்கர்ட் சாஃப்ட்வேர்ல நல்ல ஃப்ரேம் மட்டும் சேருங்க, ஷார்ப் பண்ண ஐஎம்பிபிஜி (ImPPG) சாஃப்ட்வேர், அது இலவசம். லேப்டாப் ஸ்க்ரீன் வெயில்ல சுத்தமா தெரியாது, அட்டைப்பெட்டிக்குள்ள வச்சு ஃபோகஸ் பண்ணுங்க.