புதுப்பிப்பு: வேனில் தூங்கிப்போன என் மகன்

ஆட்டிசம் உள்ள, பேச்சு வராத என் ஏழு வயது மகன் பள்ளி வேனின் கடைசி சீட்டில் தூங்கிவிட, கவனிக்காமல் பூட்டிவிட்டுப் போனதைப் போன வாரம் எழுதியிருந்தேன்.

நேற்று தலைமை ஆசிரியரைப் பார்த்தோம். தமிழ்நாட்டின் 2012 பள்ளிப் பேருந்து விதிகளில் உதவியாளர் கட்டாயம் என்று சொன்னதும் பேச்சு மாறியது. இன்று முதல் வேனில் ஓர் அக்கா வருகிறார். எல்லோரும் இறங்கியதும் கடைசி சீட் வரை நடந்து, சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்த பிறகுதான் பூட்ட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இவன் திரும்ப மாட்டான். கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னேன்.

அப்புறம், காலையில் ஏறும்போது அக்கா கையை நீட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவருடைய சுண்டு விரலை மட்டும் பிடித்துக்கொண்டான்.