பன்னிரண்டே படங்கள்: குறைந்த செலவில் மீடியம் பார்மட் தொடங்கியவர்களின் அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து

முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குள் நுழைந்து பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: எனாமல் தூக்குகளுக்கும் பர்மா அரக்குப் பாத்திரங்களுக்கும் நடுவில் இரண்டு மூன்று பழைய கேமராக்கள் தோல் உறையோடு கிடக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்தது யாஷிகா-டி என்னும் இரட்டை லென்ஸ் கேமரா. மேலிருக்கும் லென்ஸ் நாம் பார்ப்பதற்கு, கீழிருக்கும் லென்ஸ் படம் எடுப்பதற்கு. பேட்டரியோ ஒளிமானியோ கிடையாது. கடைக்காரர் 14,000 ரூபாய் சொன்னார்.

“திறந்து பார்க்கலாமா அண்ணே?” என்று கேட்டேன்.

“பாருங்க தம்பி, பாக்குறதுக்கு என்ன காசா?” என்றார்.

1/125 வினாடியில் ஷட்டர் சரியாகத் திறந்து மூடியது. ஒரு வினாடிக்கு வைத்து அழுத்தியபோது திறந்தது திறந்தபடியே நின்றுவிட்டது. பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த ஷட்டரில் எண்ணெய் காய்ந்து பிசினாகிவிட்டால் முதலில் மெதுவான வேகங்கள்தான் படுக்கும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்ய எவ்வளவு ஆகும் என்று அன்று எனக்குத் தெரியாததால் வாங்காமல் திரும்பினேன். அப்படித் திரும்பியதை எண்ணி இன்றுவரை நான் வருந்தியதில்லை.

ஏனென்றால், வீட்டிலேயே ஒரு கேமரா இருந்தது. எங்கள் ஐயா வைத்திருந்த ஆக்பா கிளிக் III, பரோடாவில் தயாரானது. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இருந்த கேமரா என்பதால் இன்றும் பரண்களில் தேடினால் அகப்படும். ஒரே ஷட்டர் வேகம். வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி. தூரத்தைத் திருகிச் சரிசெய்யும் வேலையே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, 1901-இல் கோடாக் அறிமுகம் செய்து இன்றுவரை உற்பத்தியில் இருக்கும் 120 ரோலைத்தான் அது ஏற்கிறது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 56 மில்லிமீட்டர் சதுரம். பரப்பில் சாதாரண 35 மி.மீ. படத்தைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல்; இந்தப் பெரிய அளவைத்தான் மீடியம் பார்மட் என்கிறார்கள். அதனால்தான் அந்தச் சாதாரண லென்ஸில் எடுத்த படத்தில்கூட, ஆத்தங்குடிக் கல் பதித்த எங்கள் முகப்பின் பூ வேலைப்பாடு பெரிய பிரிண்டில் கலையாமல் நின்றது. ஓரங்கள் மங்கலாகத்தான் இருந்தன. அதை நான் குறையாகக் கொள்ளவில்லை.

ஐயாவின் பெட்டியில் கேமராவோடு பிரிக்காத ஒரு ‘இந்து’ ரோலும் இருந்தது. 1960-இல் நிறுவப்பட்ட உதகை இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரிப்பு. ஆசை யாரை விட்டது? போட்டு எடுத்தேன். வெறும் சாம்பல் மூட்டமும், பிலிமோடு சேர்த்துச் சுற்றியிருக்கும் பின்தாளிலிருந்து பிலிமில் ஒட்டிக்கொண்ட எண்களுமே வந்தன. அப்படி ஒரு ரோல் கிடைப்பவர்கள் அதை அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம்; படம் எடுக்கச் செக் நாட்டு போமாபான் 100 போன்ற விலை குறைந்த புது ரோலை வாங்கிக்கொள்ளுங்கள். நான் முதலில் வாங்கிய ரோலுக்கு 800 ரூபாய் ஆனது. படத்துக்கு 67 ரூபாய் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டபடியேதான் ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தினேன்.

உண்மையான செலவு இதற்குப் பிறகுதான் வந்தது. முதல் ரோலை வெளியூர் லேப் ஒன்றுக்கு அனுப்பினேன். கழுவும் கூலி, ஸ்கேன், போக வர கூரியர் எல்லாம் சேர்ந்து ரோலின் விலையைத் தாண்டிவிட்டது. போதாக்குறைக்கு நான்காவது படத்தின் குறுக்கே நெகட்டிவை வெட்டி அனுப்பியிருந்தார்கள். அன்றே வீட்டில் கழுவுவது என்று முடிவெடுத்தேன். ஒளி புகாத ஒரு பேட்டர்சன் டேங்க், ஒரு வெப்பமானி, ஊசிபோடும் சிரிஞ்சு, இரண்டு பாட்டில், படத்தை வெளிக்கொண்டுவரும் ரோடினால் வகை டெவலப்பர், அதை நிலைக்கவைக்கும் ஹைப்போ: இவ்வளவுதான் தேவைப்பட்டது. அந்த டெவலப்பரை ஒன்றுக்கு ஐம்பது என்று கலக்கினால், 120 ரோலுக்கு வேண்டிய 500 மில்லியில் 10 மில்லிதான் மருந்து, மீதியெல்லாம் தண்ணீர். பாட்டிலைத் திறந்தபின்னும் ஆண்டுக்கணக்கில் கெடாது என்பதால், மாதம் ஒரு ரோல் கழுவுகிற என்னைப் போன்றவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான மருந்தை நான் காணவில்லை.

ஆனால் கழுவும் முறையைச் சொல்லும் குறிப்புகளெல்லாம் தண்ணீர் 20 பாகை செல்சியஸில் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. சித்திரை மாதத்தில் எங்கள் குழாயைத் திறந்தால் 33 பாகையில் வருகிறது. ஐஸ் கட்டிகளை ஒரு பாலித்தீன் பையில் கட்டி, பாட்டில்கள் நிற்கும் அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் மிதக்கவிட்டு, 24 பாகைக்கு இறக்கிக்கொள்கிறேன். 20 பாகையில் ஒன்பது நிமிடம் கழுவுவதை 24-இல் ஆறரை நிமிடத்தில் முடித்துவிடுகிறேன். டெவலப்பரை மட்டும் குளிர வைத்துவிட்டுக் கடைசி அலசலுக்குச் சுடுகிற குழாய்த் தண்ணீரை ஊற்றக் கூடாது. திடீர் வெப்ப மாற்றத்தில் பிலிமின் மேல்பூச்சு சுருங்கி வெடிப்பு விட்டதுபோல் ஆகிவிடக்கூடும். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீர் வேறு காய்ந்த பிறகு வெள்ளைப் புள்ளிகளை விட்டுச் செல்கிறது. அதற்குப் பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரித் தண்ணீரைக் கடைசி அலசலுக்குப் பயன்படுத்துகிறேன். பிலிமை டேங்குக்குள் போகும் ரீலில் ஏற்ற டார்க் ரூம் கட்ட வேண்டியதும் இல்லை. ஐயா வீட்டில் வளவை ஒட்டிய உள்ளறைக்குச் சன்னலே கிடையாது. இரவு எட்டு மணிக்குக் கதவைச் சாத்தினால் சொந்தக் கை தெரியாது. பகலில் ஏற்ற முயன்றால் வியர்த்த விரலில் பிலிம் ஒட்டிக்கொண்டு நகராது.

ஐந்து ரோல் கழுவிப் பழகிய பிறகு அதே கடைக்குப் போனேன். யாஷிகா-டி அங்கேயேதான் இருந்தது. ஷட்டர் நிற்பதைக் காட்டி, பழுது பார்க்கும் செலவையும் சொல்லிக் கேட்டபோது 8,500-க்கு இறங்கினார். மதுரையில் ஒரு பழைய மெக்கானிக் 1,500 வாங்கிக்கொண்டு ஷட்டரைச் சுத்தம் செய்து கொடுத்தார். முதல் தடவையே வாங்கியிருந்தால் 14,000 கொடுத்து, கழுவத் தெரியாமல், கேமராவைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். இந்தக் கேமராவில் பிலிமைச் சுற்றுவதும் ஷட்டரை இழுத்து வைப்பதும் தனித்தனி வேலைகள் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பிலிமைச் சுற்ற மறந்து, அப்பத்தாவின் முகத்தின் மேலேயே பிள்ளையார்பட்டித் தேரையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து

இரட்டை லென்ஸ் கேமராவுக்கும் கையில் காசு போதாதவர்களுக்கு மடக்குக் கேமராக்கள் இருக்கின்றன. நான் தொடங்கியது ஆக்பா ஐசோலெட் ஒன்றில். மாமாவின் சிங்கப்பூர்ப் பெட்டியில் இருந்தது என்பதால் எனக்குக் காசு செலவில்லை. ஆனால் அதன் இரண்டு பரம்பரை நோய்களும் சேர்ந்தே வந்தன. தூரம் சரிசெய்யும் வளையத்தில் போட்டிருந்த கிரீஸ் பச்சை நிறத்தில் இறுகிப்போய், லென்ஸ் ஒரு நூலும் திரும்பவில்லை. ஹேர் டிரையரால் இலேசாகச் சூடேற்றி, கரைப்பானைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மூன்று நாள் பொறுத்திருந்து அசைத்தேன்.

இரண்டாவது நோய், லென்ஸையும் கேமரா உடலையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி. இருட்டறையில் துருத்திக்குள் சிறிய டார்ச்சை வைத்துப் பார்த்தால், மடிப்பு மூலைகளில் கார்த்திகை விளக்கு வைத்ததுபோல் புள்ளிப் புள்ளியாக ஒளி தெரிந்தது. கறுப்புத் துணிச் சாயத்தையும் பெவிகாலையும் குழைத்துப் பூசி அடைத்தேன். இரண்டு மாதம் தாங்கும், மறுபடியும் பூச வேண்டும். விலைக்கு வாங்குபவர்கள் இந்த டார்ச் சோதனையைச் செய்யாமல் காசை எண்ண வேண்டாம்.

இவ்வளவும் செய்தபின் எடுத்த முதல் ரோலிலும் ஒவ்வொரு படத்தின் நடுவிலும் ஒரு வட்ட மூட்டம் இருந்தது. பின்பக்கத்தில் படத்தின் எண்ணைப் பார்ப்பதற்கென்று ஒரு சிவப்புச் சன்னல் இருக்கும். சிவப்பொளிக்கு மசியாத பழைய பிலிம்களின் காலத்தில் வந்த ஏற்பாடு அது. எல்லா நிறத்துக்கும் மசியும் இன்றைய பான்குரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பும் ஒளிதான். நம்மூர் உச்சி வெயிலில் பின்தாளையும் தாண்டிப் பாய்ந்திருக்கிறது. இப்போது சன்னலின் மேல் கறுப்பு டேப் ஒட்டி, நிழலில் நின்று, சுற்றும்போது மட்டும் விலக்கிப் பார்க்கிறேன். கிளிக் III வைத்திருப்பவர்களும் இதைச் செய்யலாம்.

கானாடுகாத்தானிலிருந்து

நான் சொல்ல வந்தது வீட்டுக்குள் எடுப்பதைப் பற்றி மட்டுமே. பெரிய வீடுகளின் வளவில் நடுமுற்றம் வெயிலில் கொதிக்க, தூண்களுக்குப் பின்னால் தாழ்வாரம் இருண்டு கிடக்கும். முற்றத்துக்கு அளந்தால் தேக்குத் தூண்கள் கரியாகிவிடும். நிழலில் நின்று கைப்பேசியின் ஒளிமானிச் செயலியால் அளந்து, அதிலிருந்து இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்) குறைத்து எடுத்து, கழுவும் நேரத்தைச் சற்றே சுருக்கும்போதுதான் இரண்டும் பிடிபடுகின்றன. செயலி இலவசமாகவே கிடைக்கிறது. தனி ஒளிமானிக்குச் செலவழிக்கத் தேவையில்லை.

இரண்டாம் கட்டுக்குள் போனால் முக்காலி இல்லாமல் முடியாது. அங்கே நான் ஒரு முழு ரோலையும் இழந்தேன். மானி 10 வினாடி காட்டியது, 10 வினாடியே வைத்தேன், நெகட்டிவ் கண்ணாடிபோல் வெறுமையாக வந்தது. நீண்ட நேர ஒளிபதிவில் பிலிமின் உணர்வு தளர்ந்துவிடும். போமாபானில் இந்தத் தளர்ச்சி மிக அதிகம். ஒரு வினாடி என்றால் இரண்டு, 10 வினாடி என்றால் 80 வைக்க வேண்டும் என்று அதன் தயாரிப்பாளரே அட்டவணை தந்திருக்கிறார். இல்போர்டு எச்பி5 பிளஸ் என்றால் 10-க்கு ஏறக்குறைய 20 போதும். வெளியில் எடுக்க விலை குறைந்த ரோல், வீட்டுக்குள் எடுக்க எச்பி5 என்று பிரித்துக்கொண்ட பிறகு எனக்கு ரோல் வீணாவது நின்றது.

மீண்டும் காரைக்குடியிலிருந்து

தனியாகக் கேட்ட ஒருவருக்காக இதைச் சேர்க்கிறேன். அவர் வீட்டில் இருப்பது கோடாக் டூவாபிளெக்ஸ்; அது 620 ரோல் கேட்கும். பிலிமும் பின்தாளும் 120-இல் உள்ளவையேதான், சுருள்தண்டு மட்டும் மெலிந்தது. கோடாக் 1995-இல் 620-ஐ நிறுத்திவிட்டதால், புதிய 120 ரோலை இருட்டில் பிரித்துப் பழைய 620 தண்டில் சுற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு காலித் தண்டுகள் தேவை. ஒன்று கேமராவுக்குள்ளேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுற்றும்போது பிலிமின் ஒரு முனை மட்டும்தான் தாளில் டேப்பால் ஒட்டியிருக்கும். அந்த முனைக்கு வரும்போது தாளைவிடப் பிலிம் சிறிது புடைத்து நிற்கும் என்பதால், டேப்பை எடுத்துச் சமமாக மறுபடி ஒட்டிவிட்டுச் சுற்றுங்கள். என்னிடம் ஒரு காலித் தண்டு உபரியாக இருக்கிறது. கழனிவாசல் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளலாம்.