காட்டின் கரிமக் கணக்கைத் துணைக்கோளிடமே ஒப்படைத்துவிடலாமா?

பீஷான் கணக்கர்

சிங்கப்பூரில் 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கிய நமது கரிம வரி, 2024இல் 25 வெள்ளியானது. 2026இல் அது 45 வெள்ளி. வரி செலுத்தும் நிறுவனங்கள் தங்கள் வெளியேற்றத்தில் 5 விழுக்காடு வரை வெளிநாட்டுக் கார்பன் கிரெடிட்டுகளால், அதாவது வேறிடத்தில் தவிர்த்த அல்லது உறிஞ்சிய கரிமத்துக்கான சான்றுகளால், ஈடுகட்டலாம். அவற்றுள் காட்டுத் திட்டங்களிலிருந்து வருபவற்றைப் பற்றியே என் வாதம். காட்டில் எத்தனை டன் கரிமம் இருக்கிறது என்பதை, கிரெடிட்டை விற்பவர் அனுப்பும் ஆட்களே நாடாவைப் பிடித்து அளந்து சொல்கிறார்கள். விற்பவர் கையிலேயே தராசும் இருப்பதை வேறு எந்த வணிகத்தில் ஏற்றுக்கொள்வோம்?

மேகம் மறைக்கிறது என்ற பழைய தடையும் இன்று இல்லை. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2025 ஏப்ரல் 29இல் ஏவிய பயோமாஸ் துணைக்கோளின் ரேடார் அலைநீளம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். அது இலைகளைக் கடந்து தடித்த கிளைகளையும் அடிமரத்தையும் எட்டுகிறது. அதே ஆண்டு ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற நைசார் என்ற ரேடார் துணைக்கோள் 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்புகிறது. எனவே தரையளவைக் கைவிட்டு, துணைக்கோள் தரும் எண்ணை மட்டுமே ஏற்க வேண்டும் என்கிறேன்.

தெம்புசு நிழல்

தராசைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம். ஆனால் துணைக்கோள் எந்த மரத்தையும் எடை போடுவதில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். லேசர் ஒளியை அனுப்பி அது திரும்பும் நேரத்தைக் கணிக்கும் லைடார், உயரத்தை அளக்கிறது. ரேடார், திரும்பி வரும் அலையின் வலிமையையும், அதன் ஏற்ற இறக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்ற கட்டத்தையும் அளக்கிறது. அவற்றை டன்னாக மாற்றும் சூத்திரம், யாரோ காட்டில் மரங்களை வெட்டிச் சாய்த்து எடை போட்டதிலிருந்து பிறந்தது. வெப்பமண்டலக் காடுகளுக்கு இன்று பரவலாகப் பயன்படும் 2014ஆம் ஆண்டுச் சமன்பாட்டுக்குப் பின்னால் அவ்வாறு வெட்டப்பட்ட 4,004 மரங்கள் இருக்கின்றன. அது கேட்பவை மூன்று: மார்பு உயரத்தில், அதாவது 1.3 மீட்டரில், மரத்தின் விட்டம், மரத்தின் உயரம், மரக்கட்டையின் அடர்த்தி.

மூன்றாவதை மேலிருந்து பார்க்க முடியாது. 50 சென்டிமீட்டர் விட்டமும் 30 மீட்டர் உயரமும் கொண்ட இரண்டு மரங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று பூலாய் போன்ற மென்மரம், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.35 கிராம்; மற்றொன்று நமது ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கும் தெம்புசு போன்ற வன்மரம், அடர்த்தி 0.8 என்று வைத்துக்கொண்டு சமன்பாட்டில் இட்டால், முதலாவது ஏறத்தாழ 1.4 டன், இரண்டாவது 3.1 டன். உயரம் ஒன்று, பருமன் ஒன்று, எடையோ இருமடங்குக்கும் மேல். இந்த வேறுபாட்டை லைடாருக்குச் சொல்லித்தர, எந்த மரம் எது என்று அறிந்தவர் காட்டுக்குள் நடந்தே ஆக வேண்டும். புக்கிட் தீமாவில் 1993 முதல் 2 ஹெக்டேர் மாதிரித் திடல் ஒன்றில் மரங்களுக்கு எண்ணிட்டு, மீண்டும் மீண்டும் அளந்து வருகிறார்கள். அந்தப் பொறுமையான வேலையைக் கைவிட்டால் துணைக்கோளின் எண்ணைச் சரிபார்க்க நம்மிடம் என்ன மிஞ்சும்?

அலைநீளம் பற்றியும் ஒரு சொல். நைசாரின் நீண்ட அலையே 24 சென்டிமீட்டர்தான். மரங்களின் எடை ஹெக்டேருக்கு 100 முதல் 150 டன்னைத் தாண்டியதும் அவ்வகை அலையின் எதிரொலி மேலே ஏறாமல் நின்றுவிடுகிறது. நம் வட்டாரத்தின் தொன்மையான மழைக்காடுகளோ 300 டன்னை எளிதாகக் கடப்பவை.

பீஷான் கணக்கர்

ஒரு மரத்துக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். பத்தாயிரம் ஹெக்டேரில் ஓரிடத்தில் கூடுதலாகவும் வேறோரிடத்தில் குறைவாகவும் வரும் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். கணக்காளர் எவரும் அறிந்த உண்மை இது. மேலும் மரத்தை வெட்டாமலே எடை காணும் வழியும் வந்துவிட்டது. சாபாவின் டானும் பள்ளத்தாக்கில் மெனாரா என்று பெயரிடப்பட்ட மஞ்சள் மெராந்தி மரத்தை முதலில் காட்டிக்கொடுத்தது விமானத்தில் பொருத்திய லைடார். பின்னர் அதைத் தரையிலிருந்து லேசரால் வருடி, வேர் நீங்கலாக 81.5 டன் என்று மதிப்பிட்டார்கள். அரிவாளுக்கு அங்கே வேலையே இல்லை.

தெம்புசு நிழல்

அந்த மரத்தின் 100.8 மீட்டர் உயரத்தை 2019இல் உறுதிப்படுத்தியது, உச்சி வரை ஏறி நாடாவைத் தொங்கவிட்ட ஒரு மனிதர். லேசர் தந்தது கன அளவு மட்டுமே. அதை எடையாக்க அங்கேயும் மரத்தின் அடர்த்தி தேவைப்பட்டது.

பிழைகள் ஈடாகும் என்ற கருத்தில்தான் உங்களோடு முற்றாக வேறுபடுகிறேன். தற்செயலான பிழைகள் ஈடாகும். ஒரே திசையில் சாயும் பிழை, பரப்பு பெருகப் பெருகத் தானும் பெருகும். அமேசானுக்கு 2011இலும் 2012இலும் வெளியான இரண்டு புகழ்பெற்ற துணைக்கோள் வரைபடங்களை 400க்கும் மேற்பட்ட தரைத் திடல்களோடு 2014இல் ஒப்பிட்டபோது, வடகிழக்கில் கனத்த மரங்களும் தென்மேற்கில் இலேசான மரங்களும் மிகுந்திருப்பதால் உண்டாகும் பெரும் வேறுபாட்டை இரண்டுமே சரியாகக் காட்டவில்லை என்று தெரிந்தது. கிரெடிட் விற்கும் காடு வடகிழக்கில் இருந்தால் ஒருவருக்கு நட்டம், தென்மேற்கில் இருந்தால் மற்றவருக்கு. இதை எந்தச் சராசரி சரிசெய்யும்?

மலைச்சரிவும் அப்படியே. அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து அளக்கும் கெடி லைடாரின் ஒளிவட்டம் தரையில் 25 மீட்டர் அகலம். 30 பாகைச் சரிவில் அந்த வட்டத்தின் ஒரு விளிம்புக்கும் மறு விளிம்புக்கும் தரையே 14 மீட்டர் ஏறி இறங்கும். எங்கே நிலம் முடிந்து மரம் தொடங்குகிறது என்பதே அங்கு மங்கிவிடுகிறது.

சுங்கை பூலோ நடையர்

தம்பிகள் இருவரும் தரைக்கு மேலே இருப்பதை மட்டுமே பேசுகிறீர்கள். நான் வாரந்தோறும் சதுப்புநிலக் காட்டில் நடப்பவள். அங்கே மரத்தைவிடச் சேற்றில்தான் கரிமம் மிகுதி. மக்கிய தாவரங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்த கரிச்சேற்று நிலத்திலும் அதே கதை. 2015இல் சுமத்திராவும் கலிமந்தானும் எரிந்து, புகைமூட்டத்தால் இங்கே பள்ளிகளை மூடியபோது, மரங்களோடு அடியில் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த மண்ணும் எரிந்தது. எத்தனை பரப்பு எரிந்தது என்பதைத் துணைக்கோள் துல்லியமாகச் சொல்லும். அந்தச் சேறு இரண்டு மீட்டர் ஆழமா, எட்டு மீட்டரா என்பதைக் கம்பியை இறக்கித்தான் அறிய முடியும். மரத்தை மட்டும் எண்ணும் கணக்கில், பாதுகாக்க மிகத் தகுதியான காடு மலிவான காடாகத் தோன்றும். அதுதான் என் அச்சம்.

பீஷான் கணக்கர்

அக்கா, சேற்றைப் பற்றி நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. அங்கே தரையளவு வேண்டும் என்பதை ஏற்கிறேன். தெம்புசு நிழல் அவர்களே, துணைக்கோளுக்கும் மாதிரித் திடல் தேவை என்பதையும் ஏற்கிறேன். ஆனால் திடலை எங்கே அமைப்பது என்பதை விற்பவர் முடிவுசெய்தால், செழித்த இடங்களை மட்டும் காட்டிவிட்டு மொத்தக் காட்டுக்கும் விலை பேசுவார். திடல்களைக் குலுக்கல் முறையில் வெளியார் தேர்ந்தெடுக்க வேண்டும். அளந்தவை எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். பிழை வரம்பின் கீழ் எல்லைக்கு மட்டுமே கிரெடிட் வழங்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

தெம்புசு நிழல்

முதலும் மூன்றும் சரி. இரண்டாவதில் ஒரு தயக்கம் உண்டு: திடலின் துல்லியமான இடத்தை வெளியிட்டால், அதை மட்டும் காத்துவிட்டுச் சுற்றிலும் வெட்டுவார்கள். மரங்களின் அளவுகள் திறந்திருக்கட்டும். இடம் தணிக்கையாளரிடம் மட்டும் இருக்கட்டும்.