பெல்ட் கிரைண்டர் கிளவுஸோடு விரலையும் இழுத்துவிட்டது: எங்கே தப்பு?

புதுப்பட்டறை:
வணக்கம். கத்தி தேய்க்க 2 அங்குல அகலம், 72 அங்குல நீளத்தில் மணல் ஒட்டிய பெல்ட் மாட்டும் கிரைண்டர் வைத்திருக்கிறேன். வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது. நேற்று ஒரு சின்னத் தகட்டைத் தேய்க்கும்போது கிளவுஸ் நுனி பெல்ட்டுக்கும் டூல் ரெஸ்டுக்கும் (தேய்க்கும் பொருளைத் தாங்கும் தட்டு) நடுவே மாட்டி, ஆள்காட்டி விரலும் கூடவே போய்விட்டது. நூல் பின்னல் கிளவுஸ். நகத்தின் ஓரமும் கொஞ்சம் சதையும் போச்சு. ரத்தம் அதிகமில்லை, ஆனால் காயத்துக்குள் கறுப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது. கத்தி வெட்டாத ரகக் கிளவுஸ் வாங்கலாமா?

உலைக்களம்:
கிளவுஸ் கதை அப்புறம், முதலில் விரலைப் பாருங்கள். அந்தக் கறுப்பு, பெல்ட்டின் மணலும் இரும்புப் பொடியும். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள், ஊசி வைத்து நோண்டாதீர்கள். இன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அழுக்குக் காயம் என்பதால், கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போடச் சொல்வார்கள்.

வந்ததும் மூன்று விஷயம் சொல்லுங்கள்: ரெஸ்டுக்கும் பெல்ட்டுக்கும் இடைவெளி எவ்வளவு, மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று, பெல்ட்டை ஓட்டும் டிரைவ் வீல் விட்டம் என்ன?

புதுப்பட்டறை:
சுத்தம் செய்து கட்டுப் போட்டு, ஊசியும் போட்டார்கள். இடைவெளி 9 மி.மீ. மோட்டார் 2,800 சுற்று, வீல் 150 மி.மீ.

உலைக்களம்:
அப்படியென்றால் பெல்ட் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது, மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர். கையை இழுத்துக்கொள்ள நேரமே கிடைக்காது. 9 மி.மீ. இடைவெளியில் விரல் நுனி தாராளமாக நுழையும். 3 மி.மீ.க்கு மேல் விடாதீர்கள். மெஷினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டைக் கையால் ஒரு சுற்று சுற்றி உரசுகிறதா என்று பார்த்துக்கொண்டே வையுங்கள்.

வெட்டாத கிளவுஸ் இந்த வேலைக்கு இன்னும் மோசம் தம்பி. அந்த நூல் அறுபடாது. வெறுங்கை பட்டால் பெரும்பாலும் தோலோடு போகும், அறுபடாத நூல் மாட்டினால் விரலையே உள்ளே இழுக்கும். கட்டு இருக்கும்வரை மெஷின் பக்கமே போகாதீர்கள். கட்டுத்துணியும் நூல்தானே.

புதுப்பட்டறை:
சரி அண்ணே. ஆனால் வெறுங்கையில் சூடு தாங்கவில்லையே?

மணல்பெல்ட்:
சூடு தெரிவது நல்லதுதான். பதப்படுத்திய இரும்பு கெட்டுப்போவதற்கு வெகு முன்னாலேயே கை சொல்லிவிடும். பக்கத்தில் வாளித் தண்ணீர் வைத்து, ஓர் இழுப்புக்கு ஒரு முறை முக்கி எடுங்கள். மழுங்கிய பெல்ட்தான் அதிகம் சூடாக்கும். காசு பார்த்து அதையே ஓட்டினால் கையும் பலமாக அழுத்தும், வழுக்குவதும் அங்கேதான். சின்னத் தகட்டை விரலால் பிடிக்காமல் காந்தம் பதித்த மரக்கட்டையால் பிடியுங்கள்.

இன்னொன்று: பெல்ட் மேலிருந்து கீழே ஓடும்போது கூரான முனையை மேலே பார்த்துக் கொடுக்காதீர்கள். அதில் குத்திக்கொண்டால் பெல்ட் கிழியும், துண்டு பறக்கும். கண்ணாடி, மாஸ்க் எல்லாம் போடுகிறீர்கள் என்று நம்புகிறேன். அலுமினியம் தேய்த்த பொடி இருக்கும் இடத்தில் மட்டும் இரும்புப் பொறி விழவே கூடாது, தீப்பிடிக்கும்.

புதுப்பட்டறை:
கட்டுப் பிரித்தாகிவிட்டது. ரெஸ்டை 2 மி.மீ.யில் வைத்தேன். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு அளந்தால் 5! போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கிறது.

உலைக்களம்:
இப்போதுதான் புரிகிறது, அன்றைக்கும் அது தானாகத்தான் நகர்ந்திருக்கும். ரெஸ்டைத் தாங்கும் கம்பியை போல்ட் கவ்வும் இடத்தில் பெயின்ட் இருக்கிறதா? பெயின்ட் மேல் எவ்வளவு இறுக்கினாலும் அதிர்வில் வழுக்கும். சுரண்டி எடுத்து, ஸ்பிரிங் வாஷர் போடுங்கள்.

புதுப்பட்டறை:
தடியாகப் பெயின்ட் இருந்தது. சுரண்டிவிட்டேன், வாஷரும் போட்டாச்சு. அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், 2 மி.மீ. அப்படியே நிற்கிறது.