ஜி41 பலகையில் 4 ஜிபி ராம் ஏறவில்லை

பழையபெட்டி:
2010இல் வாங்கிய மேசைக் கணினி. தாய்ப்பலகையில் இன்டெல் ஜி41 சிப்செட் (பலகையின் பாகங்களை இணைக்கும் சில்லு), டிடிஆர்3 வகை ராம் (தற்காலிக நினைவகம்), அதை மாட்ட இரண்டே ஸ்லாட், இரண்டிலும் தலா 1 ஜிபி. மகள் பாடக் காணொளியைத் திறந்தால் சண்டி மாடு மாதிரி படுத்துக்கொள்கிறது. புதிதாக 4 ஜிபி ராம் வாங்கி மாட்டினேன். மின்விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு, நீளமான பீப் சத்தம். பழையதை மாட்டினால் உடனே எழுந்துவிடுகிறது. “டிடிஆர்3 எல்லாம் ஒன்றுதான்” என்கிறார் கடைக்காரர். எது பழுது?

சாலிடர்புகை:
அநேகமாக எதுவும் பழுதில்லை. ராமில் உள்ள கறுப்புச் சில்லுகளை எண்ணுங்கள். ஒரே பக்கத்தில் எட்டுதான் என்றால் ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட் (8 ஜிகாபிட் = 1 ஜிபி). ஜி41க்கு அது புரியாது. இரு பக்கமும் சேர்த்துப் பதினாறு சில்லு உள்ள 4 ஜிபி ராம்தான் வேண்டும், அதாவது 2 ஜிகாபிட் சில்லுகள். ‘ஏஎம்டிக்கு மட்டும்’, அதாவது ஏஎம்டி செயலி உள்ள கணினிகளுக்கு மட்டும், என்று மலிவாக விற்பதைத் தொடாதீர்கள், நான் ஒருமுறை சூடுபட்டவன்.

பழையபெட்டி:
எண்ணினேன். எட்டேதான்! பின்பக்கம் மொட்டை.

திண்ணைவாசி:
விண்டோஸ் 32 பிட்டா? அப்படியானால் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை. பழைய ராம் விற்கும் கடையில் 2 ஜிபி இரண்டு வாங்குங்கள், மலிவாக முடியும்.

பழையபெட்டி:
32 பிட்தான். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ராமை மாற்றிக் கொடுத்தார். 2 ஜிபி இரண்டு மாட்டியாயிற்று, 3.2 ஜிபி பயன்படும் என்று காட்டுகிறது. காணொளி ஓடுகிறது.