கணக்குன்னாலே கை நின்னுடுது, குரூப் 4 எழுதினவங்க உதவுங்க

வணக்கம். டி.என்.பி.எஸ்.சி குரூப் 4-க்குப் படிக்கிறேன். வயசு 31, பி.ஏ தமிழ், திண்டுக்கல் பக்கம். 200 கேள்வியில தமிழ் 100, பொது அறிவு 75. ரெண்டும் ஓரளவு கைக்குள்ள வந்துடுச்சு. மாட்டிக்கிட்டது மிச்சம் இருக்கிற 25 கணக்குல. கேள்விக்கு ஒன்றரை மார்க், மொத்தம் 37.5. விட்டுட்டுப் போற மார்க்கா அது?

எட்டாவதுல கணக்கு டீச்சர் பேப்பரைக் கொடுக்கும்போது "உனக்கு இது வராதும்மா, விடு"ன்னாங்க. திட்டல, பாவம் பார்த்துதான் சொன்னாங்க. அதுதான் இன்னும் காதுல கேக்குது.

ஏழு மாசமா சமச்சீர் 6-லேர்ந்து 10 வரை கணக்குப் புத்தகம் முடிச்சேன். யூடியூப் வகுப்பு பார்த்தேன். 20 வரை வாய்ப்பாடு மனப்பாடம். வீட்டுல நிதானமா போட்டா வருது. 8000 ரூபாய், 5 சதவீதம், 2 வருஷம், கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் 20 ரூபாய்னு அடுப்படியில நின்னுக்கிட்டே போட்டேன். அதே மாதிரிக் கணக்கு போன வாரம் மாதிரித் தேர்வுல வந்தது. கடிகாரத்தைப் பார்த்ததும் உள்ளங்கை வேர்த்து, விடைத்தாள்ல ஏதோ ஒரு வட்டத்தைக் கருப்பாக்கிட்டு வந்துட்டேன்.

கடைசி மூணு தேர்வுல 25-க்கு 9, 11, 8. அதே தாளை வீட்டுல திரும்பப் போட்டா 19 வருது.

'நம்பிக்கையா இருங்க'ன்னு மட்டும் போடாதீங்க, அதை எங்க வீட்டுக்காரரே தினமும் சொல்றார்.

என்னை மாதிரி 'கணக்கு வராது'ன்னு இருந்து தேறினவங்க, நேரம் வச்சுப் போடப் பழகின முதல் மாசம் தினமும் என்ன செஞ்சீங்க?